நிலத்தடி நீரும் அதன் கணக்கும்: கலிபோர்ணிய மாநிலத்தின் அனுபவம்

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவர் சிலரிடம் ஒரு வினாவை விடுத்தேன். "உங்கள் வீட்டுக் கிணற்றிலே, இதற்கு முந்திய ஆண்டு ஆவணி மாதத்தில், நீர் தரையிலிருந்து எத்தனை அடி கீழே நின்றது?" ஒருவரும் விடை கூறினாரல்லர். ஒருவன் மட்டும் எழுந்து, தன் பேத்தியார் கிணற்றின் உட்புறத்தே தெரியும் கல்வரிசைகளை எண்ணி, "இம்முறை மூன்று வரிசை கூடத் தெரிகிறது" என்று சொல்வது வழக்கமென்றும், அவர் காலமான பின் எவரும் எண்ணுவதில்லையென்றும் கூறினான். நிலத்தடி நீர் அவதானிப்பு என அறிஞர் வழங்கும் முயற்சியின் இயல்பும், அதற்கு வழக்கமாக நேரும் கேடும், இச்சிறு செய்தியுள்ளே அடங்கியிருக்கக் கண்டேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. வழுக்கை ஆறு எனப் பெயர் பெற்றதும் மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழை, சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புக்களிலும் பொந்துகளிலும் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் சிறிதே இலேசானது. ஆதலின் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்டுரைத்த விதி. சுண்ணாம்புக் கல்லின் பொந்துகள் இவ்விதியைப் பலவிடத்துக் குழப்புமாயினும் அதன் எச்சரிக்கை பொய்க்காது. மேலே ஓரடியை இறைத்துக் குறைத்து, அக்குறையை நிலைக்கவும் விட்டால், கீழே பல அடிக்கு உவர் ஏறும். இத்தகைய நிலத்திலே நீர்மட்டத்தின் ஓரங்குல வேறுபாடும் குறித்து வைக்கத்தக்கதொன்றாகும்.

குறித்து வைப்பவர் யார், அதற்குரிய செலவை இறுப்பவர் யார், குறித்த கணக்கை வைத்துச் செய்யும் தீர்மானத்தில் கிணற்றுக்காரனுக்குச் சொல்லுரிமை உண்டா என்பனவே இக்கட்டுரையின் பொருள். இவற்றை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்ணிய மாநிலத்தை எடுத்துக்கொள்கின்றேன். அது செல்வம் மிக்க மாநிலம் என்பதற்காக அன்று. அத்தகைய மாநிலமும் நெடுங்காலம் தன் நிலத்தடி நீரை அளவாமலே இறைத்ததென்பதும், பின்பு அளக்கத் தொடங்கியபோது நிதியாலும் மக்கள் கருத்தாலும் எழுந்த சிக்கல்கள் சட்டங்களிலே தேதியோடு பதிவாகியுள்ளன என்பதுமே காரணம்.

அம்மாநிலத்தின் நீர்த்தேவையில் சாதாரண ஆண்டுகளில் நூற்றுக்கு 40 பங்கு வரை நிலத்தடியிலிருந்தே கிடைக்கின்றது. வறட்சி ஆண்டுகளில் இப்பங்கு அரைவாசியையும் கடக்கும். எனினும் 1914இல் நடைமுறைக்கு வந்த நீர்ச் சட்டம் ஆற்று நீருக்கு அனுமதிப் பத்திரம் வேண்டுமென விதித்ததேயன்றி, பொதுவாக நிலத்தடி நீரைத் தொடவில்லை. தன் நிலத்தில் துளையிட்டவன், தன் நிலத்தின் பயனுக்கு வேண்டிய அளவு இறைத்தான். அயலவனுக்கும் அதே உரிமை உண்டு என்று நீதிமன்றங்கள் 1903 முதல் கூறிவந்தனவாயினும், இருவரும் எவ்வளவு இறைத்தனர் என்பதை அறிய வழியில்லாதபோது அவ்வுரிமையை எவ்வாறு பங்கிடுவது? கிணறு தோண்டுவோர் எத்தனை அடியில் எவ்வகை மண்ணையும் கல்லையும் கண்டனர் என்று எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பும் அறிக்கைகள் பல தசாப்தங்களாக மறைபொருளாகவே வைக்கப்பட்டிருந்தன. 2015இல்தான் அவை பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. அரசாங்கத்தின் பேழையிலே ஊர் முழுவதின் பாறைக் கணக்கும் கிடக்க, அடுத்த வளவுக்காரன் குருட்டாம்போக்கிலே தோண்டினான் என்பதை நினைக்க வியப்பாயிருக்கின்றது.

இதன் விளைவை நிலமே காட்டிற்று. சான் வாக்கின் பள்ளத்தாக்கிலே மென்டோட்டா என்னும் ஊருக்கு அண்மையில் 1977இல் எடுக்கப்பட்ட படமொன்று புவியியல் நூல்கள் பலவற்றில் உண்டு. ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த யோசேப் போலண்ட் ஒரு மின்கம்பத்தின் அருகே நிற்கின்றார். அவர் தலைக்கு மிக உயரத்தில், கம்பத்தின் உச்சியை அண்மி, 1925 என்று எழுதிய பலகை. நடுவே 1955. காலடியில் 1977. நிலத்தின் மேற்பரப்பு அவ்வாண்டுகளில் எங்கிருந்தது என்பதை அப்பலகைகள் குறிக்கின்றன. 52 ஆண்டுகளில் ஏறத்தாழ 28 அடி நிலம் தாழ்ந்துவிட்டது. களிமண் படைகளுக்குள் இருந்த நீர் வெளியேற, மேலுள்ள பாரம் அக்களியை நெருக்கிவிடும். அவ்வாறு நெருங்கிய களி, பின்பு மழை எவ்வளவு பெய்யினும், முன்போல விரிந்து நீரை ஏற்பதில்லை. பிற்காலத்தில் அப்பள்ளத்தாக்கின் கிழக்கோரமாக ஓடும் பிரயண்ட்–கேர்ண் கால்வாயும் இவ்வாறு தாழ்ந்து, ஒரு பகுதியிலே தன் கொள்ளளவில் அரைப்பங்குக்கு மேல் இழந்தது. கிணற்று நீரை மிகையாக இறைத்ததன் பலனை ஆற்று நீரைக் கொணரும் கால்வாயும் அனுபவித்தது.

இனி, அளத்தல் என்பது யாது என நோக்குவாம். மிகப் பழைய முறை எளிதானது. உருக்கு நாடாவின் நுனியிலே சுண்ணக்கட்டி பூசி, கிணற்றுள் இறக்கி, நனைந்த இடத்தைப் பார்த்துக் கழித்துக் கணக்கிடுவர். நீரைத் தொட்டதும் ஒலியெழுப்பும் மின்நாடாவும், நீருக்குள்ளேயே கிடந்து அமுக்கத்தை அளந்து மணிக்கு மணி பதியும் கருவியும் பின்வந்தவை. கருவி எதுவாயினும் கடினம் வேறிடத்தில் உள்ளது. இறைப்பு நடந்துகொண்டிருக்கும் கிணற்றில், அல்லது இறைப்பு நின்று சில நாழிகையே கழிந்த கிணற்றில் அளந்தால், அது அக்கிணற்றின் தற்காலிகத் தாழ்வைக் காட்டுமேயன்றி நிலத்தின் நீர்மட்டத்தைக் காட்டாது. ஆதலால் இறைப்புக்குப் பயன்படாத, அளப்பதற்கென்றே அமைந்த அவதானக் கிணறுகள் வேண்டும். ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல நீர்கொள் படைகள் இருக்குமிடத்தில் ஒவ்வொரு படைக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும். ஆண்டுக்கு இருமுறையேனும், மாரி முடிந்து மட்டம் உயர்ந்த காலத்திலும், பயிர்களுக்கு இறைத்து முடிந்து மட்டம் தாழ்ந்த காலத்திலும், அதே கிணற்றில், அதே அடையாளத்திலிருந்து அளத்தல் வேண்டும்.

யாவற்றினும் மேலாக, இடையறாது அளத்தல் வேண்டும். பாலம் கட்டும் பணி ஈராண்டு நின்றுபோனால் மூன்றாமாண்டில் தொடரலாம். அளவீடு ஈராண்டு நின்றால் அவ்வீராண்டும் போனவை போனவையே. கடந்த ஆண்டின் நீர்மட்டத்தை இவ்வாண்டு எவராலும் அளத்தல் இயலாது. 2002இல் ஏவப்பட்ட இரட்டைச் செய்மதிகளும், 2018இல் அவற்றைத் தொடர்ந்து ஏவப்பட்டவையும் புவியீர்ப்பின் நுண்ணிய மாற்றத்தால் நிலத்தடி நீரின் குறைவை மதிப்பிட உதவுகின்றன. ஆயின் அவை பெரும் பரப்பொன்றின் பொதுநிலையை உரைப்பனவேயன்றி ஓர் ஊரின் கிணற்று நிலையை உரைப்பன அல்ல. கிணற்றடிக்கு ஒருவர் போகத்தான் வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும்.

இவ்விடத்திலேதான் நிதி என்னும் முடிச்சு விழுகின்றது.

கலிபோர்ணியாவில் இவ்வேலைக்குப் பணம் வரும் வாயில்கள் மூன்று. முதலாவது மத்திய அரசாங்கம். புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் மாநிலங்களோடும் உள்ளூர் நிறுவனங்களோடும் செலவைப் பகிர்ந்து அளவீடு நடத்துவது பழைய வழக்கம். நாடு முழுவதற்குமான ஒரே அவதானிப்பு வலையமைப்பு வேண்டுமென்று 2009ஆம் ஆண்டின் சட்டமொன்று இசைவளித்தது. சில மாநிலங்களில் முன்னோடிப் பரிசோதனைகளும் நடந்தன. ஆனால் அவ்வலையில் சேரும் மாநில நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்து பணம் வழங்கும் முறை தொடங்க 2015 ஆயிற்று. சட்டசபையின் இசைவு வேறு, திறைசேரியின் காசு வேறு என்பதை அரசியல் பயிலும் மாணவர் இவ்வுதாரணத்தால் அறியலாம்.

இரண்டாவது வாயில் மாநிலத்தின் பிணைமுறி. மாநில அரசாங்கம் பெருந்தொகையைக் கடனாகப் பெறுவதற்கு வாக்காளரின் சம்மதத்தைத் தேர்தலில் கேட்கும். 2014 நவம்பர் 4ஆம் தேதி வாக்காளர் அங்கீகரித்த முதலாம் பிரேரணை அத்தகையது. அதன் மொத்தம் 750 கோடி டொலருக்கு மேற்பட்டது. அதில் நிலத்தடி நீர்த் திட்டங்களை வகுத்து நடத்துவதற்கென 10 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. பார்வைக்குப் பெருந்தொகையே. ஆனால் கடன் பணத்துக்கு ஓர் இயல்பு உண்டு. அது கட்டுவதற்கு உரியது, பேணுவதற்கு உரியதன்று. அதே பிரேரணையின் பொது விதியொன்று, வேறுவகையாகச் சொல்லப்பட்டாலன்றி, ஒவ்வொரு பகுதிக்குமுரிய நிதியில் நூற்றுக்கு 10 வரையே திட்டமிடலுக்கும் அவதானிப்புக்கும் செலவிடலாம் என வரம்பிட்டது. வீடு கட்டக் கடன் கொடுப்பவன் விளக்குக்கு எண்ணெய் வாங்கக் கடன் கொடான் என்பது போன்றது இது. நியாயமும் அதில் இல்லாமலில்லை. முப்பது ஆண்டில் இறுக்கும் கடனை இவ்வாண்டுச் சம்பளத்துக்குச் செலவிடுவது அடுத்த தலைமுறைக்குச் செய்யும் அநீதியென வாதிக்கலாம். ஆயினும், அவதானிப்பு வேலையில் பெரும்பகுதியும் எண்ணெய்ச் செலவுதான் என்பதை அவ்வாதம் மறந்துவிடுகின்றது.

இதற்கு முன்னர் 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்றின்படி, உள்ளூர் நீர் நிறுவனம் ஒன்று விண்ணப்பித்து 250,000 டொலர் வரை மானியம் பெற வழியிருந்தது. நிலத்தடி நீரை ஆராய்தற்கும், அவதானிப்பை ஏற்படுத்துதற்கும், முகாமைத் திட்டம் வகுத்தற்கும் உதவும் நோக்குடையது அச்சட்டம். நல்ல சட்டம். எனினும் இத்தகைய மானியம் யாவற்றுக்கும் முடிவுத் தேதி உண்டு. துளையிட்ட கிணறு அத்தேதிக்குப் பின்னும் இருக்கும். நாடாவோடு வருபவர் இருப்பாரோ என்பது அவ்வவ்விடத்துப் பொருள்வளத்தைப் பொறுத்தது.

மூன்றாவது வாயில் உள்ளூர்க் கட்டணம். இங்கே நிதியும் மக்கள் கருத்தும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. 1996இல் வாக்காளர் நிறைவேற்றிய 218ஆம் பிரேரணையின்படி, நிலவுடைமையோடு தொடர்புடைய கட்டணமொன்றை விதிக்குமுன் உரியவர்களுக்கு எழுத்தில் அறிவித்து, 45 நாட்களாயினும் சென்றபின் பொது விசாரணை நடத்துதல் வேண்டும். எழுத்தில் வந்த ஆட்சேபங்கள் நிலத்துண்டுகளிற் பெரும்பான்மையைக் குறிக்குமாயின் கட்டணம் கைவிடப்படும். வாய் திறவாதவர் ஆட்சேபியாதவராகக் கொள்ளப்படுவர். இங்கு எண்ணப்படுவன தலைகளன்று, நிலத்துண்டுகள் என்பதை ஊன்றி நோக்குக. பல துண்டு நிலம் உடையவனுக்குப் பல குரல். வாடகை வீட்டில் இருந்து அதே கிணற்று நீரைக் குடிப்பவனுக்குத் தனிக் குரல் இல்லை. நிலத்தடி நீரின் இறைப்புக்கு ஏற்ப அறவிடும் கட்டணத்துக்கும் இம்முறையே விதிக்கப்பட்டது.

கமக்காரர் அளவீட்டை வெறுப்பதற்குரிய காரணமும் இங்கே விளங்கும். இன்று நீர்மட்டத்தை அளப்பவன் நாளை இறைப்பை அளப்பான். அதன் பின் கட்டணம் கேட்பான். அதன் பின் நிறுத்து என்பான். இவ்வச்சத்தை மடமையென ஒதுக்குதல் ஆகாது. நடந்தது ஏறக்குறைய அவ்வாறேதான்.

2007 முதல் 2009 வரை நிகழ்ந்த வறட்சியின் இறுதியில், மாநிலம் முழுவதும் நீர்மட்டத்தை ஒழுங்காக அளந்து பொதுமக்களுக்கு வெளியிடவேண்டுமென்று ஒரு சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் அமைப்பு நுணுக்கமானது. அளக்கும் பொறுப்பை உள்ளூர் நிறுவனங்கள் தாமே முன்வந்து ஏற்கலாம். உடையவரின் இசைவின்றி அரசாங்க உத்தியோகத்தர் தனியார் நிலத்துட் புகலாகாது. வற்புறுத்தலும் இல்லை. ஆனால் எவரும் முன்வராத இடத்தில், அங்குள்ள கவுண்டியும் நீர் நிறுவனங்களும் மாநிலத்தின் நீர் மானியங்களையும் கடன்களையும் பெறும் தகுதியை இழக்கும். கோலைக் காட்டாமல் சோற்றை மறைத்த முறை இது. முழுப் பகுதியும் வறியோர் வாழுமிடமாயின் விலக்கு உண்டு என ஒரு வாசகம் சேர்த்ததும் அறிவுடைமையே. சட்டத்தினால் மாநிலமெங்கும் கிணற்றுக் கணக்குகள் ஓரிடத்தில் திரளத் தொடங்கின. எனினும் மட்டம் தாழ்கின்றது என்று அறிவிப்பதன்றி, தாழாமல் தடுக்க அச்சட்டம் எதுவும் செய்யவில்லை.

அடுத்த வறட்சி 2012இல் தொடங்கிற்று. 2014இல் டுலாரிக் கவுண்டியிலுள்ள கிழக்குப் போட்டர்வில் என்னும் குடியிருப்பிலே நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றின. அங்கு வாழ்ந்தோரிற் பலர் பண்ணைகளில் வேலை செய்யும் வறிய குடும்பத்தினர். நகரக் குழாய் நீர் அவ்விடத்துக்கு இல்லை. போத்தல் நீரைக் குடித்தும், முற்றத்தில் வைத்த தாங்கியில் ஊற்றப்பட்ட நீரிற் குளித்தும் நாட்களைக் கழித்தனர். ஆழமான பண்ணைக் கிணறுகள் மேலும் ஆழமாக்கப்பட்டு இறைத்துக்கொண்டிருக்க, ஆழமற்ற வீட்டுக் கிணறுகளே முதலில் வற்றின. எத்தனை வற்றின என்பதை எண்ணுவதற்குத் தக்க ஒழுங்கு அப்போது இருந்ததில்லை. வீட்டார் தாமே அறிவிக்கும் முறையொன்றை மாநிலம் பின்பு ஏற்படுத்திற்று. அண்மை நகரின் குழாய்களோடு அக்குடியிருப்பின் வீடுகளை இணைக்கும் வேலை 2016இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் முடிந்தது.

அதே 2014இன் செப்டெம்பர் மாதம் 16ஆம் தேதி ஆளுநர் பிரவுண் நிலைபேறான நிலத்தடி நீர் முகாமைச் சட்டத்திற் கையொப்பமிட்டார். ஒவ்வொரு முக்கிய நீர்ப்படுகைக்கும் உள்ளூர் முகவர் நிலையம் அமைத்து, இருபது ஆண்டுகளில் சமநிலை எய்தும் திட்டத்தை அது வகுக்கவேண்டும். மிக மோசமாக இறைக்கப்பட்ட படுகைகளுக்கு 2020 ஜனவரி 31 கெடு, ஏனையவற்றுக்கு 2022. ஆண்டுக்கு இரண்டு ஏக்கர் அடி, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீர், இவ்வளவுக்கு மேற்படாமல் வீட்டுக்கு இறைப்போரிடம் உள்ளூர் முகவர் நிலையம் மானி பொருத்தச் சொல்லலாகாது என்ற காப்பும் அதில் உண்டு.

இத்திட்டங்களின் உயிர்நிலை அவதானக் கிணறுகளிலேதான் உள்ளது. படுகையொன்றுக்குப் பிரதிநிதிகளாகச் சில கிணறுகளைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் "இதற்குக் கீழ் மட்டம் தாழலாகாது" என ஓர் எல்லையைக் குறிப்பர். எந்தக் கிணறு தெரியப்படுகின்றது, எந்த அடியில் எல்லை இடப்படுகின்றது என்பவை பார்வைக்குப் பொறியியல் வினாக்கள்; உண்மையில் யாருடைய கிணறு வற்றலாம் என்பதைத் தீர்மானிக்கும் வினாக்கள். எல்லையை 300 அடியில் இட்டால், 200 அடிக் கிணற்றை உடைய வீட்டுக்காரன் வற்றிய கிணற்றோடு நிற்கும்போதும் ஏட்டிலே யாவும் நலமாகவே இருக்கும். (இவ்வெண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.)

ஆகவேதான் பொதுமக்கள் கருத்துரை என்னும் வழக்கு இங்கே பொருள் பெறுகின்றது. அது மூன்று கட்டங்களில் நிகழ்ந்தது. மானியம் யாருக்கு, எவ்வளவுக்கு, எந்நிபந்தனையில் என்ற வழிகாட்டி விதிகளின் வரைவு முதலாவது. முதலாம் பிரேரணையின்படி, பணத்தை வழங்கும் திணைக்களம் அவ்வரைவை வெளியிட்டு, 30 நாட்களேனும் கழிந்தபின் மூன்று பொதுக் கூட்டங்கள் நடத்தவேண்டும். ஒன்று மாநிலத்தின் வடக்கில், ஒன்று நடுப் பள்ளத்தாக்கில், ஒன்று தெற்கில். தலைநகராகிய சக்கிரமெண்டோவில் மட்டும் கூட்டம் வைத்தால் பள்ளத்தாக்கின் கமக்காரனும் கூலியாளும் வரமாட்டார் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர். மானியம் பெறுவோர் செலவில் அரைப்பங்கைத் தாம் இடவேண்டும் என்பது பொது நிபந்தனை. வறிய குடியிருப்புக்களுக்கு அதைக் குறைக்கலாம், நீக்கலாம். இந்நிபந்தனை எவ்வாறு நடைமுறைக்கு வரும் என்பதை முடிவு செய்வன வழிகாட்டி விதிகளே. ஆதலின் ஒரு வரியைப் பற்றிய கருத்துரை, ஓர் ஊருக்கு அவதானக் கிணறு கிடைப்பதும் கிடையாமற் போவதுமாக முடியக்கூடும்.

இரண்டாவது கட்டம், திட்டம் எவ்வாறு அமையவேண்டும் என்ற ஒழுங்குவிதிகள். இவை கருத்துரைக்கு வைக்கப்பட்டு, 2016 மே மாதம் நீர் ஆணைக்குழுவால் ஏற்கப்பட்டன. இதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. மூன்றாவது கட்டமே கடுமையானது. உள்ளூர் முகவர் நிலையங்கள் அனுப்பிய திட்டம் ஒவ்வொன்றையும் திணைக்களம் இணையத்தளத்தில் இட்டு 60 நாட்கள் கருத்துக் கேட்டது. பல திட்டங்கள் மிகப் பெரியவை, நீரியல் மாதிரிகளும் அட்டவணைகளும் நிறைந்தவை. கிணறு வற்றிய குடும்பத்தாரிற் பலருக்கு வீட்டுமொழி ஸ்பானியம். இந்நிலையில் 60 நாள் என்பது வாயில் திறந்திருக்கின்றது என்று சொல்லிப் படிகளை அகற்றியதுபோல எனக்குத் தோன்றுகின்றது. எனினும் வறியோருக்காகப் பேசும் சங்கங்களும், நீரியல் அறிந்தோரும், சில இடங்களில் ஊரவரும் எழுதினர். இவ்வெல்லைகளால் வீட்டுக் கிணறுகள் எத்தனை வற்றும் என்று கணக்கிட்டீர்களா என்பது அவர்கள் கேட்ட கேள்விகளுள் முதன்மையானது.

கருத்துரை வாக்கன்று. அதைக் கேட்கும் அதிகாரி அதன்படி நடக்கக் கடமைப்பட்டவர் அல்லர். இதனால் அது வெறும் சடங்கு என்று கூறுவோரும் உளர். ஆனால் நிகழ்ந்ததைக் கூறுவேன். 2022 ஜனவரியில் திணைக்களம் பன்னிரண்டு படுகைகளின் திட்டங்களை நிறைவற்றவை எனத் திருப்பி அனுப்பி, திருத்துவதற்கு 180 நாள் கொடுத்தது. நீர்மட்டம் தாழ்வதால் வீட்டுக் கிணறுகளுக்கு நேரும் கேட்டையும் நிலம் தாழ்வதையும் திட்டங்கள் தக்கவாறு எண்ணவில்லை என்பது காரணங்களுட் பெரியது. 2023 மார்ச் 2ஆம் தேதி, திருத்திய பின்னும் ஆறு படுகைகளின் திட்டங்கள் போதா எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றாகிய டுலாரி ஏரிப் படுகையை 2024 ஏப்பிரில் 16ஆம் தேதி மாநில நீர்ச் சபை நன்னடத்தைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. அதாவது இறைப்போர் தம் இறைப்பை அளந்து சபைக்கு அறிவித்து, கிணற்றுக்கும் நீருக்கும் கட்டணம் செலுத்தவேண்டும். மாநிலம் அங்ஙனம் ஒரு படுகையில் தலையிட்டது அதுவே முதன்முறை. அதை எதிர்த்து அவ்வாண்டே வழக்கும் தொடரப்பட்டது. மக்கள் எழுதிய கடிதங்கள் மட்டுமே இத்தீர்ப்புக்களைச் செய்தன என்று கூறமாட்டேன். எழுத்திலே வந்த ஆட்சேபம் பதிவேட்டில் இருக்கையில், அதிகாரி அக்கேள்வியைக் காணாதவர்போல் இருத்தல் அரிது என்பது மட்டும் உறுதி.

டுலாரி ஏரி என்ற பெயரைப் பற்றி ஒரு சொல். டுலி என்பது அவ்வேரியிற் செறிந்து வளர்ந்த ஒருவகைக் கோரையின் பெயர். ஒருகாலத்தில் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே மிகப் பெரிய நன்னீர் ஏரியாக விளங்கிய அது, ஆறுகளை வயலுக்குத் திருப்பியதால் வற்றி உழுநிலமாயிற்று. 2023இன் பெருமழையில் அவ்வேரி மீண்டும் தோன்றி வயல்களை மூடிற்று. மேலே வெள்ளம் நிற்க, கீழே படுகை வறண்டிருந்தது. அதே ஆண்டிலேதான் அப்படுகையின் திட்டம் போதாதெனத் தீர்ப்பாயிற்று. மழை வந்துவிட்டது, இனி அளப்பதேன் என்று கேட்பவர்க்கு இதனினும் தெளிவான விடை கிடைப்பது கடினம்.

நம் நாட்டுக்கு வருவோம். நீர்வளச் சபை 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. சுற்றாடற் சட்டத்தில் 1988இல் செய்த திருத்தத்தின்படி, குறித்த பெரிய வேலைத்திட்டங்களின் சூழல் தாக்க அறிக்கைக்குப் பொதுமக்கள் 30 நாட்களுட் கருத்துரைக்கலாம். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால் அரசாங்க நிறுவனத்தின் கையிலுள்ள அளவீடுகளைக் கேட்டுப் பெறலாம். முன்னையது புதிய வேலைக்கு முன்பு கேட்கும் கருத்து. பின்னையது இருக்கும் கணக்கைக் கேட்கும் உரிமை. எந்தக் கிணற்றை அளப்பது, அதற்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குவது என்பவற்றில் கிணற்றுக்காரனைக் கேட்பது இவ்விரண்டிலும் அடங்கவில்லை.

சுன்னாகத்திலே கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி 2015ஆம் ஆண்டையண்டி வடபகுதி முழுவதையும் கலக்கியதை வாசகர் மறந்திரார். அது தொடர்பான அடிப்படை உரிமை வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்பிரில் 4ஆம் தேதி தீர்ப்பளித்து, தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமெனக் கட்டளையிட்டது. அத்தகைய வழக்கில் எழும் முதல் வினா, எப்போதிருந்து என்பது. அடுத்தது, எதுவரை என்பது. இரண்டுக்கும் விடை, கேடு நேர்வதற்கு முன்பே எவரோ ஒருவர் எழுதிவைத்த எண்களிலேதான் இருக்கும். நம் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் உரத்தின் நைத்திரேற்றுக் கிணற்றுக்குள் இறங்குவதும் இத்தகையதே. அது நிறமில்லாதது, மணமில்லாதது, அளந்தாலன்றித் தெரியாது.

முற்கூறிய வகுப்பு மாணவன், பேத்தியாரின் கல்வரிசையை விட்டு, கயிற்றில் அடிக்கொரு முடிச்சிட்டு, நுனியிலே கல் கட்டி, ஞாயிறுதோறும் காலையில் இறைப்புக்கு முன் அளந்து வருகின்றான். கிணற்றுக் கட்டிலே சுண்ணாம்பால் ஓர் அடையாளம் இட்டிருக்கின்றான். குறிப்பேட்டில் மூன்று நிரல்கள்: தேதி, அளவு, அந்த வாரம் மழை பெய்ததா இல்லையா. கார்த்திகை மழையின் பின் இரண்டு வாரத்தில் நீர் நாலரை அடி ஏறியதை எல்லாருக்கும் காட்டினான். வகுப்பில் வேறு ஐவர் தத்தம் வீட்டில் தொடங்கியுள்ளனர். இருவர் பரீட்சை நெருங்கியதும் நிறுத்திவிட்டனர். இவ்வறுவரும் கல்லூரியை விட்டு நீங்கியபின் அக்குறிப்பேடுகளை எழுதுவார் யார் என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை.